புவனா எழுதிய ‘ட்ரூ’

“தங்கச்சி, எத்தன போட்டு வெளியில இருக்கு? சீக்கிரம் சொல்லு!”

டெலிபோன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு தங்கராசு அண்ணன் கேட்டார். கிளிஞ்சல்மேட்டு ஊர்ப் பஞ்சாயத்தில் அவர் ஒரு பொறுப்பாளர். நான் பஞ்சாயத்துக் கட்டடத்தின் ஒற்றை அறையில், கம்ப்யூட்டர் முன்னால், முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி பதினொன்று இருக்கும். அந்த வேளைக்கு வெளிச்சம் அவ்வளவு குறைந்திருக்கக் கூடாது. கிழக்குப் பக்கம் வானம் கரும்பலகை மாதிரி ஆகியிருந்தது. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது.

புயல் எச்சரிக்கை வந்திருந்தது. கடலுக்குள் இருக்கும் படகுகள் எவை எவை என்று மீன்வளத்துறை அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேர் கிடைத்தால் அந்தப் படகுகளுக்கு எப்படியாவது தகவல் சொல்லித் திருப்பிவிடலாம்.

நான் ஒரு விசையைத் தட்டினேன். திரையில் இரண்டு வரிகள்.

“ரெண்டே ரெண்டுதாண்ணே! ரெண்டும் விசைப்படகு. பைபர் எல்லாம் கரையில!”

அந்தக் குரலில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. சொந்தமாக எழுதிய புரோகிராம், ஒரு நிஜமான கேள்விக்கு, நிஜமான ஆளுக்கு, ஒரு நொடியில் பதில் சொல்லிவிட்டது! தங்கராசு அண்ணன் அதை அப்படியே போனில் ஒப்பித்துவிட்டு, “பரவால்லியே, நோட்டுப் புத்தகத்தத் தேடாம பட்டுன்னு சொல்லிட்டியே” என்று பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் சொன்னது தப்பு. அந்த நேரத்தில் பைபர் எனப்படும் சின்னக் கண்ணாடியிழைப் படகுகளில், கிளிஞ்சல்மேட்டின் பதினொன்று கடலில் இருந்தன.

எல்லாக் கட்டத்தையும் நிரப்பு

கணினிதான் படிப்பேன் என்று வீட்டில் மூன்று நாள் சாப்பிடாமல் அடம்பிடித்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். ‘அப்படி அடம்பிடித்துப் படித்து உருப்படியாக என்ன செய்தீர்கள்?’ என்று தலத்தெருவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. உருப்படியாகச் செய்த முதல் காரியத்தைத்தான் இந்த வாரம் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் ‘இன்டர்ஃபேஸ்’ என்றால் என்னவென்று சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், ஒரு பக்கத்துக்குள் முடித்துவிடுகிறேன்.

காரைக்கால் கல்லூரியில் மூன்றாம் வருடம் ஜாவா என்ற கணினி மொழி வந்தது. பாடம் எடுத்த மேடம், “இன்டர்ஃபேஸ் ஒரு ஒப்பந்தம்” என்று பலகையில் எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். யாருக்கும் யாருக்கும் இடையே ஒப்பந்தம்? வகுப்பில் ஒருத்திக்கும் விளங்கவில்லை. எல்லோரும் மனப்பாடம் செய்தோம்.

எனக்கு விளங்கியது கோவில்பத்தில், எங்கள் வீட்டு வாசலில். அப்பா கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தர். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சான்றிதழுக்கான படிவத்தைக் கொண்டுவந்து காட்டினார். அப்பா மேலிருந்து கீழாக விரலை ஓட்டிவிட்டு, “ஏழாவது கட்டம் காலியா இருக்குங்க. காலியா விட்டா கவுண்டர்லயே திருப்பிடுவாங்க. எதையாவது எழுதுங்க” என்றார்.

அவ்வளவுதான்! எனக்குள் பல்பு எரிந்தது. இன்டர்ஃபேஸ் என்பது அச்சடித்த வெற்றுப் படிவம். என்னென்ன கட்டம் வேண்டும் என்று மட்டும் அது சொல்லும். எதையும் அது நிரப்பாது. ‘கிளாஸ்’ என்பது அந்தப் படிவத்தை வாங்கி நிரப்புகிற ஆள். ‘நான் இந்தப் படிவத்தை நிரப்புகிறேன்’ என்று ஒரு கிளாஸ் ஒப்புக்கொண்டால், ஒரு கட்டம் விடாமல் நிரப்பியே ஆக வேண்டும். எப்படி நிரப்புவது என்பது அவரவர் பாடு. நாம் எழுதியதைச் சரிபார்த்துக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் ‘கம்பைலர்’தான் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர். ஒரு கட்டம் காலியாக இருந்தால்கூட முகத்திலடித்தாற்போலத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மறுநாள் இதைச் சொல்ல பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஓடினேன். ஓடியது புவனாவிடம்.

புவனா

புவனா என் வகுப்புத் தோழி. கிளிஞ்சல்மேட்டுக்காரி. அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டதால் அண்ணன் மணிதான் பைபர் படகில் போய்வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டான். நாங்கள் திருநள்ளாற்றுப் பக்கம் நெல் விளைவிக்கும் குடும்பம். பொங்கலுக்கு மறுநாள் மட்டும் கடலைப் பார்க்கப் போகிறவர்கள். அவள் கடலிலிருந்து முந்நூறு அடியில் தூங்கி எழுந்தவள். ஆய்வகத்தில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். பெயர் வரிசையில் அடுத்தடுத்து இருந்ததால் எங்களைச் சேர்த்து உட்காரவைத்தார்கள். மதியம் அவள் டப்பாவில் இருக்கும் வஞ்சிர வறுவலில் பாதி என்னுடையது. என் புளிசாதம் முழுக்க அவளுடையது.

அவள் டைப் அடிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள். நான் வாய் ஓயாமல் பேசுவேன். எப்படியோ ஒத்துப்போனது.

படிவக் கதையைச் சொன்னதும் அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். “அப்ப படகுன்னு ஒரு படிவம் வச்சா, எங்கூர்ல இருக்கிற எல்லாத்தையும் அதுக்குள்ள கொண்டாந்துரலாம்ல?” என்றாள்.

எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட் பிறந்தது அந்தக் கேள்வியில்தான். சுனாமி வந்து ஒன்றிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தக் காலையில் யார் கடலில், யார் கரையில், யார் சந்தையில் என்று யாருக்கும் தெரியவில்லை. பழுப்புக் காகிதங்களில் பெயர் எழுதி, அடித்து, மறுபடி எழுதினார்கள். புவனாவின் அத்தை ஒருவர் பெயரும் அப்படி அடிக்கப்பட்டது; அவர் திரும்பவில்லை. எந்தப் படகு வெளியில், எந்தப் படகு கரையில் என்று எப்போது கேட்டாலும் சொல்லும் ஒரு புரோகிராம் வேண்டும் என்றாள் புவனா. மற்றவர்கள் எல்லாரும் நூலகப் புத்தகப் பதிவேடு செய்துகொண்டிருந்த வருடம் அது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

ஒரே கேள்வி, மூன்று பதில்

படிவத்துக்கு ‘படகு’ என்று பெயர் வைத்தோம். ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர். அதில் மூன்றே கட்டங்கள். கிளம்பு. கரையேறு. கரையில் இருக்கா. முதல் இரண்டும் வேலைகள். மூன்றாவது கேள்வி. அதற்கு ‘ட்ரூ’ அல்லது ‘ஃபால்ஸ்’, ஆமாம் அல்லது இல்லை, என்று பதில் வர வேண்டும்.

விசைப்படகு ஆற்று முகத்துவாரத்தில் வந்து கட்டும். அதில் வயர்லெஸ் இருக்கும். பைபர் படகு மணலில் ஏறும்; அதில் வயர்லெஸ் கிடையாது. கட்டுமரத்தைப் பிரித்துக் கட்டையாகப் போட்டுவிடுவார்கள். மூன்றுக்கும் வழி வேறு. ஆனால் படிவம் ஒன்றே. விசைப்படகு கிளாஸ் நான் எழுதுவது, பைபரும் கட்டுமரமும் புவனா எழுதுவது என்று பிரித்துக்கொண்டோம்.

என் பகுதி முதல் தடவை ஓடிய மதியத்தை மறக்க முடியாது. ஏசி அறை, வெளியே கழற்றிய செருப்புக் குவியல், மின்சாரம் போய் யுபிஎஸ் கீகீ என்று கத்திக்கொண்டிருக்கிறது. ஊரின் எல்லாப் படகுகளையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரு சுழற்சியில் ஒவ்வொன்றையும் ‘கரையில் இருக்கா’ என்று கேட்கும் நாலு வரி எழுதியிருந்தேன். எது விசை, எது பைபர் என்று அந்த நாலு வரிக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை! எல்லாம் படகு. கேட்டால் அதது தன் வழியில் பதில் சொல்லும். நாளைக்குப் புதுவகைப் படகு ஒன்று வந்தாலும் அந்த நாலு வரியைத் தொட வேண்டாம்.

ஓட்டினேன். பதில் வந்தது. துள்ளி எழுந்ததில் முழங்கால் மேசையில் இடித்து, மேசையிலிருந்த ஃபிளாப்பிகள் கீழே சிதறின. “ஏய், மெதுவாடி, யுபிஎஸ் ஆஃப் ஆகிறப் போகுது!” என்று புவனா கத்தினாள். அவள் முகத்திலும் பல் தெரிந்தது.

ஆனால் அந்தப் பதில் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒன்று நடந்தது. நான் கவனிக்கவில்லை.

புவனா கிளம்புவதையும் கரையேறுவதையும் சரியாக எழுதிவிட்டாள். மூன்றாவது கட்டத்தை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள். யுபிஎஸ் கத்துகிறது, மேடம் நேரம் முடிந்தது என்கிறார், நான் பக்கத்தில் நின்று “சீக்கிரம், சீக்கிரம்” என்று பறக்கிறேன். கம்பைலர் திருப்பிவிட்டது. பைபர் கிளாஸ் மூன்றாவது கட்டத்தை நிரப்பவில்லை. அவள் வெறும் அடைப்புக்குறியைப் போட்டாள். கம்பைலர் மறுபடி திருப்பியது. ஆமாமா இல்லையா, ஏதாவது ஒரு பதில் சொல். அவள் ‘ரிட்டர்ன் ட்ரூ’ என்று அடித்தாள். கம்பைலர் வாயை மூடிக்கொண்டது. வீட்டுக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாளாம்.

அந்த ‘ட்ரூ’ அங்கேயே தங்கிவிட்டது.

பஞ்சாயத்து அறையில் ஒரு வாரம்

நிவாரணத்துக்கு வந்த ஓர் அமைப்பு அந்த ஊருக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. பூப்போட்ட பெட்ஷீட் போர்த்தி, மேலே சாமி படத்திலிருந்து எடுத்த காய்ந்த மாலை ஒன்றும் வைத்து, யாரும் தொடாமல் பாதுகாத்தார்கள். புவனா போய்க் கேட்டதும், “உடைச்சிறாதம்மா” என்ற ஒரே நிபந்தனையுடன் விட்டார்கள். தேர்வுக்கான படிப்பு விடுமுறை. ஒரு வாரம் நிஜத்தில் ஓட்டிப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும் என்று திட்டம்.

விடியலில் பைபர்கள் கிளம்பும்போதும், பிறகு கரையேறும்போதும் புவனா பதிவு செய்வாள். ஒன்பது, ஒன்பதரைக்குள் அவை திரும்பிவிடும். நான் கோவில்பத்திலிருந்து பஸ் பிடித்து, மீதித் தூரம் நடந்து, போய்ச் சேரப் பத்து மணி. நான் பார்க்கும்போதெல்லாம் ‘பைபர் எல்லாம் கரையில்’ என்று திரை சொல்லும். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் பைபர் எல்லாம் கரையில்! ஆறு நாள் தப்பாமல் சரி. அறிக்கையில் நான் பெரிய எழுத்தில் ‘நூறு சதவீதம்’ என்று எழுதியே விட்டேன்.

ஏழாவது நாள் மீன் கூட்டம் தள்ளிப் போயிருந்தது. அன்று கிளம்பிய பைபர்கள் எல்லாம் அதைத் துரத்திக்கொண்டு உள்ளே போய்விட்டன. அதே நாள்தான் காற்றும் மாறியது. விடியலில் கிளம்பிய படகுகளைப் பதிந்துவிட்டு, மேடத்திடம் கையெழுத்து வாங்கப் புவனா கல்லூரிக்குப் போயிருந்தாள். மற்றதைத்தான் மேலே சொன்னேனே. நான், திரை, போன், பெருமை.

“எங்க அண்ணன் போட்டு எங்கடி?”

தங்கராசு அண்ணன் போனை வைத்து இரண்டு நிமிடம் இருக்காது. புவனா உள்ளே வந்தாள். தலைமுடி முழுக்க மணல், கையில் ரெக்கார்டு நோட்டு.

“எத்தன வெளியில?” என்றாள்.

“ரெண்டு. போன்லயும் சொல்லியாச்சு” என்றேன், சிரித்துக்கொண்டே.

அவள் சிரிக்கவில்லை. “நான் மணல் வழியாத்தானே வந்தேன். எங்க அண்ணன் போட்டு எங்கடி?”

முழுப் பட்டியலையும் திரையில் வரவைத்துக் காட்டினேன். மணி அண்ணன் படகின் பெயருக்கு நேரே, கரையில் இருக்கிறது. அவள் என் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். பைபர்களை இழுத்து வைக்கும் மேட்டில் ஆங்காங்கே வெறும் உருட்டுக் கட்டைகள் கிடந்தன. அதன் மேல் இருக்க வேண்டிய படகுகள் இல்லை.

அவள் நாற்காலியில்கூட உட்காரவில்லை. நின்றபடியே பைபர் கிளாஸைத் திறந்தாள். மூன்றாவது கட்டம். ஒரே ஒரு வரி.

“ஏண்டி ட்ரூன்னு போட்ட?” என்று கத்திவிட்டேன்.

“வேற என்னடி போடுவேன்?” அவளும் கத்தினாள். “எங்க அண்ணன் கரையில இருக்கானான்னு கேக்குது. இல்லன்னு என் கையால எழுதச் சொல்றியா?”

அவள் வீட்டில், அவள் தெருவில், கடலுக்குப் போன ஆளைப் பற்றி ‘வரலை’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எவ்வளவு நேரமானாலும், யார் கேட்டாலும், ‘வந்துக்கிட்டிருக்கு’ என்பதுதான் பதில். இல்லை என்ற சொல்லைக் கடல் பக்கம் திரும்பிச் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டிலும் அம்மா அரிசி தீர்ந்தது என்று சொல்ல மாட்டார், ‘அரிசி வாங்கணும்’ என்பார். அதனால் எனக்கு அது விளங்காமல் இல்லை. ஆனால் அன்று கம்பைலர் அவசரமாக ஒரு பதில் கேட்டபோது, பிறந்ததிலிருந்து பழகிய பதிலை அவள் விரல் தானாக அடித்துவிட்டது என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. வேறு எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும் தற்காலிகமாக ‘ஃபால்ஸ்’ என்று போட்டிருப்பாள். அப்படிப் போட்டிருந்தால் ஆறு நாள் முன்னாலேயே தப்பு தெரிந்திருக்கும்.

தங்கராசு அண்ணன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “என்னம்மா, தப்பா?”

“தப்புண்ணே” என்றேன். “பைபரும் வெளியில இருக்கு.”

அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. “அடக் கடவுளே, அவங்கள யாரும் கூப்பிட மாட்டாங்களேம்மா!” என்று சொல்லிவிட்டு நேராகப் போனுக்குப் போனார்.

பத்து நிமிடம்

புவனா ஜன்னலில் சாய்ந்து, காலியாகக் கிடந்த இடங்களை இடமிருந்து வலமாகப் பார்த்து ஒவ்வொரு படகின் பெயராகச் சொன்னாள். ஒன்பது பெயர். தங்கராசு அண்ணன் நம்பரைச் சுற்றினார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி சுற்றினார்.

“நகரு, நான் ஃபால்ஸ்னு மாத்துறேன். நான் உங்க ஊரு இல்ல, நான் எழுதுனா ஒண்ணும் ஆவாது” என்று நான் விசைப்பலகையை இழுத்தேன்.

அவள் என் கையைத் தட்டிவிட்டாள். “ஃபால்ஸ்னு போட்டா மட்டும் சரியாயிருமா? கரையில கிடக்கிறதெல்லாம் கடல்ல இருக்குன்னு சொல்லும். அதுவும் பொய்தானடி. நாம பதில எழுதக் கூடாது. அதக் கேக்க வைக்கணும்.”

என்ன ஒரு பெண்! அண்ணன் புயலில், வானம் இருட்டு, இவளுக்கு மூளை இப்படி ஓடுகிறது. கிளம்பிய நேரம் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. கரையேறிய நேரமும் பதிவாகும். கரையேறியது, கிளம்பியதற்குப் பிந்தியதா? அந்த ஒப்பீட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தால் போதும். ஆமாம் என்றோ இல்லை என்றோ யாரும் எழுத வேண்டாம். ஒரே வரி! ஆனால் அடிக்கும் அவசரத்தில் இரண்டு தடவை வரிக்கடைசி அரைப்புள்ளியை விட்டாள். கம்பைலர் இரண்டு தடவையும் திருப்பியது. நான் இந்த முறை ‘சீக்கிரம்’ என்று சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இன்னொரு வரியையும் அவள் மாற்றினாள். திரையில் ‘வெளியில்’ என்று வரும் இடத்தில் ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று அடித்தாள். பின்னால் நடந்த வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், இது என்ன பதில், இல்லை என்று போட வேண்டியதுதானே என்று கேட்டார். “எங்க ஊர்ல அப்படித்தான் சார்” என்றாள்.

ஓட்டினோம். விசைப்படகு இரண்டு. பைபர், வரிவரியாக வந்தது. எண்ணினேன். பதினொன்று.

“ஒன்பதுதானே சொன்ன?”

புவனா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் படித்தாள். “வடக்குத் தெரு போட்டு ரெண்டு! அவங்க வளைவுக்கு அந்தாண்ட ஏத்துவாங்க. இங்கேருந்து தெரியாது!”

அந்த இரண்டு பெயரையும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அப்போதுதான் போன் லைன் கிடைத்தது. தங்கராசு அண்ணன் பதினோரு பெயரையும் நிறுத்தி நிதானமாக, ஒவ்வொன்றையும் இரண்டு முறை, சொன்னார். விசைப்படகு இரண்டும் திரும்பிக்கொண்டிருக்கின்றன, அவற்றுக்கு வயர்லெஸ்ஸில் இந்தப் பெயர்களைச் சொல்லி வழியில் தேடிக் கூட்டிவரச் சொல்கிறோம் என்று மறுமுனையில் சொன்னார்கள்.

வரி வரியாக

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. செய்ய ஒன்றுமில்லாத நேரம் எவ்வளவு நீளம் என்பது அன்றுதான் தெரிந்தது.

கரை நிறைய ஆட்கள் கூடிவிட்டார்கள். புவனாவின் அம்மா பஞ்சாயத்து அறைக்கு வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. “இதுல எது நம்ம போட்டு?” என்று கேட்டார். புவனா ஏழாவது வரியைத் தொட்டுக் காட்டினாள். அவர் அதன் பிறகு அந்த வரியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்ததை அவரிடம் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. “அம்மா, நான்தான் தப்பா...” என்று ஆரம்பித்தேன். “இருக்கட்டும்டா, வந்துக்கிட்டிருக்கான்” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதல் பைபர் வந்தது. கரையில் சத்தம் கேட்டது. யாரோ பெயரைக் கூவினார்கள், நான் ‘கரையேறு’ தட்டினேன், பைபர் பட்டியலில் ஒரு வரி மறைந்தது. பத்து. அப்புறம் மூன்று சேர்ந்தாற்போல. ஏழு. மழை அடித்துப் பெய்ய ஆரம்பித்தது. ஆறு. வடக்குத் தெருப் படகுகள் இரண்டும் வந்தபோது அந்தத் தெருப் பெண்கள் மழையிலேயே இந்தப் பக்கம் ஓடிவந்து சொன்னார்கள். நாலு. ஒவ்வொரு வரி மறையும்போதும் எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவும் செய்தேன். கூட இருந்தவர்களும் கத்தினார்கள். கிரிக்கெட் ஆட்டம் பார்க்கிற கூட்டம்போல ஆகிவிட்டது அந்த அறை. புவனாவும் அவள் அம்மாவும் மட்டும் கத்தவில்லை.

மூன்று. இரண்டு. ஒன்று.

கடைசி வரி அப்படியே நின்றது. மணி அண்ணன் படகு, வந்துகொண்டிருக்கிறது. அரைமணி நேரமோ, அதற்கு மேலோ தெரியாது. முழுப் பிறவி போல இருந்தது என்று மட்டும் தெரியும்.

பிறகு விசைப்படகு ஒன்று தெரிந்தது. அதன் பின்னால் கயிற்றில் கட்டி, ஒரு பைபர். எஞ்சின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டு, நகர முடியாமல் அலையில் கிடந்தவர்களை, பெயர் கேட்டுத் தேடி வந்த விசைப்படகு கண்டுபிடித்திருக்கிறது. பெயர் போயிருக்காவிட்டால் அது நேரே முகத்துவாரத்துக்குப் போயிருக்கும். இதை அந்தப் படகுக்காரரே பின்னால் சொன்னார்.

“மணி வந்துட்டான்! மணி வந்துட்டான்!” வெளியே கூச்சல். அம்மா அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுகையும் சிரிப்புமாக விசையைத் தட்டக் கையை நீட்டினேன்.

“தட்டாத!” என்றாள் புவனா.

“வந்துட்டாண்டி! கேக்கலியா?”

“கேட்டுச்சு. தட்டாத. நான் பாத்துட்டு வர்றேன்.”

சொல்லிவிட்டு மழையில் ஓடினாள். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தை இடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி, படகின் விளிம்பைப் பிடித்தாள். அண்ணன் ஏதோ சொன்னான். அவன் கையை ஒரு முறை, தோளை ஒரு முறை தொட்டாள். அவன் இறங்கி மணலில் இரண்டு காலும் ஊன்றும் வரை அங்கேயே நின்றாள். பிறகு திரும்பி, வந்த வழியே அதே வேகத்தில் ஓடிவந்தாள்.

உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட என் நாற்காலியின் பாதியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. ஒரு விரலால் ‘கரையேறு’ தட்டினாள். ஏழாவது வரியாக இருந்து கடைசியாக மிஞ்சிய அந்த வரி மறைந்தது. பைபர் பட்டியல் காலி.

“இப்பத்தான் ட்ரூ” என்றாள்.

அப்படியே விசைப்பலகை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அவள் நெற்றி ஏதோ ஒரு விசையை அழுத்தியிருக்க வேண்டும். ஒரே எழுத்து வரிவரியாகத் திரை முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது. நான் நிறுத்தவில்லை.